லாங் எக்ஸ்போஷருக்கு எந்தக் கறுப்பு-வெள்ளை ஃபிலிம்? நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

நெடுநொடி கேட்டது:

வணக்கம். 6×6 மீடியம் ஃபார்மட் கேமராவில் 120 ஃபிலிம் போட்டு லாங் எக்ஸ்போஷர் மட்டும் எடுக்கப்போகிறேன். அதற்கென்று ஒரு கறுப்பு-வெள்ளை ஃபிலிமைத் தேர்ந்தெடுத்து, அதையே விடாமல் பழக வேண்டும் என்பது எண்ணம். எடுக்க விரும்புபவை மூன்று வகை: பகலில் 10 ஸ்டாப் என்.டி. ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடி; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்) போட்டு அலைகளும் மேகங்களும்; சூரியன் மறைந்த பிறகு வரும் மங்கலில் நீர்நிலைகள்; முழு இரவில் பாலங்களும் தெருவிளக்குகளும். டெவலப்பர் ஐடி-11, 1+1 (சம அளவு தண்ணீர் கலந்தது).

பட்டியலில் இருப்பவை எஃப்பி4 பிளஸ், ஹெச்பி5 பிளஸ், டிரை-எக்ஸ் 400, டி-மேக்ஸ் 100, அக்ராஸ் 2, ஃபோமாபான் 100. இருட்டுக்கு 400 வேக ஃபிலிம்தானே சரி? ரெசிப்ராசிட்டி திருத்தத்தை (நீண்ட எக்ஸ்போஷரில் ஃபிலிம் ஒளியைக் குறைவாகப் பதிவதால் கூட்ட வேண்டிய நேரம்) ஃபில்டர் கணக்குக்கு முன்பு போடுவதா, பின்பா? ஒரே ஃபிலிமுக்கு ஆளுக்கொரு அட்டவணை கிடைக்கிறது, எதை நம்புவது? ஒரு நிமிட எக்ஸ்போஷரை 6 நொடி வீதம் பத்துத் தடவையாகப் பிரித்துக் கொடுத்தால் இந்தத் திருத்தமே வேண்டாம் என்று ஓரிடத்தில் படித்தேன், உண்மையா? டெவலப்பிங் நேரத்தைக் குறைக்க வேண்டுமா?

வெள்ளியுப்பு எழுதியது:

கடைசிக்கு முந்தைய கேள்வியிலிருந்து தொடங்கினால் மற்றவை எளிதாகும். பிரித்துக் கொடுப்பது பலன் தராது. ரெசிப்ராசிட்டி இழப்புக்குக் காரணம் ஷட்டர் அதிக நேரம் திறந்திருப்பது அல்ல, ஃபிலிமின் மேல் விழும் ஒளி வலுவில்லாமல் இருப்பது. வெள்ளி ஹாலைடு படிகம் ஒன்று டெவலப்பரில் கறுக்க வேண்டுமானால், அதில் நான்கைந்து வெள்ளி அணுக்களாவது ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். முதல் அணு தனியாக அதிக நேரம் நிற்காது. அடுத்த ஒளித்துகள் வந்து துணை சேர்ப்பதற்குள் அது பழைய நிலைக்கே திரும்பிவிடும். ஒளி தாராளமாக இருந்தால் அணுக்கள் மளமளவென்று சேரும். மங்கலாக இருந்தால் சேர்ந்ததில் ஒரு பகுதி கலைந்துகொண்டே இருக்கும். பத்துத் தடவையாகப் பிரித்தாலும் ஒவ்வொரு தடவையும் அதே மங்கல் ஒளிதான் விழுகிறது. இழப்பும் அப்படியே இருக்கும். 1899-ஆம் ஆண்டுவாக்கில் கார்ல் ஷ்வார்ட்ஸ்சைல்ட் நட்சத்திரங்களைத் தகட்டில் பதிவு செய்தபோது அளந்து சொன்னதும் இந்த இழப்பைத்தான்.

இந்த இழப்பு ஃபிலிமுக்கு ஃபிலிம் பெரிய அளவில் மாறுபடுகிறது. பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தைவிட இதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் நம் வேலைக்கு உதவும். மீட்டர் 100 நொடி என்று காட்டினால் (ஃபில்டர் கணக்கெல்லாம் சேர்த்த பிறகு) உண்மையில் கொடுக்க வேண்டியது இவ்வளவு:

அக்ராஸ் 2: 100 நொடியே போதும். 120 நொடிக்குக் கீழே திருத்தம் கிடையாது. 120 முதல் 1000 நொடி வரை அரை ஸ்டாப்.
டி-மேக்ஸ் 100: 200 நொடி
டி-மேக்ஸ் 400: 300 நொடி
எஃப்பி4 பிளஸ், டெல்டா 100: 331 நொடி
ஹெச்பி5 பிளஸ்: 417 நொடி
பான் எஃப் பிளஸ்: 457 நொடி
டெல்டா 400: 661 நொடி
டிரை-எக்ஸ் 400: 1200 நொடி
ஃபோமாபான் 100: 1600 நொடி

எல்லாமே தயாரிப்பாளர்களின் தரவுத்தாள்களின்படி. இல்ஃபோர்டு ஃபிலிம்களுக்கு மட்டும் சூத்திரம் வழியாகக் கணக்கிட்டிருக்கிறேன்: ஒரு நொடிக்கு மேற்பட்ட எந்த நேரத்தையும் அந்த ஃபிலிமுக்குரிய அடுக்குக்கு உயர்த்த வேண்டும். எஃப்பி4, டெல்டா 100, கென்ட்மியர் 100 மூன்றுக்கும் அடுக்கு 1.26. ஹெச்பி5-க்கு 1.31, பான் எஃப் பிளஸ்ஸுக்கு 1.33, டெல்டா 400-க்கு 1.41, எஸ்எஃப்எக்ஸ் 200-க்கு 1.43. கைபேசியில் இருக்கும் சயின்டிஃபிக் கால்குலேட்டரில் அடுக்குப் பொத்தானை அழுத்தினால் விடை வந்துவிடும், தனிச் செயலி எதுவும் தேவையில்லை.

அட்டவணைகள் முரண்படுவதற்குக் காரணமும் இதில் இருக்கிறது. இல்ஃபோர்டின் பழைய தாள்களில் எல்லா ஃபிலிமுக்கும் ஒரே வளைகோடுதான் அச்சாகியிருந்தது. அந்தக் கோடு எஃப்பி4-க்கும் ஹெச்பி5-க்கும் தேவையைவிட மிக அதிக நேரம் காட்டும். அதிலிருந்து நகல் எடுத்த அட்டவணைகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஹெச்பி5-க்கும் எஃப்பி4-க்கும் ஒரே நேரத்தைக் காட்டும் அட்டவணை எதைக் கண்டாலும் ஒதுக்கிவிடுங்கள்.

இருட்டறை எழுதியது:

மேலே உள்ளது எல்லா ஃபிலிமுக்கும் மீட்டர் 100 நொடி காட்டினால் என்ற கணக்கு. ஆனால் ஒரே காட்சியின் முன்னால் நின்றால் 400 ஃபிலிமுக்கு மீட்டர் நான்கில் ஒரு பங்குதானே காட்டும்? அதையும் சேர்த்துப் பார்க்காமல் இரவுக்கு ஃபிலிம் தேர்ந்தெடுக்க முடியாது.

விளக்கு குறைந்த ஒரு பாலம் என்று வையுங்கள். எஃப் 11-இல் ஐ.எஸ்.ஓ. 100-க்கு மீட்டர் 4 நிமிடம் காட்டுகிறது, 400-க்கு 1 நிமிடம். திருத்தம் போட்ட பிறகு டி-மேக்ஸ் 400-க்கு ஏறத்தாழ 2½ நிமிடம், ஹெச்பி5-க்கு 3 நிமிடம் 34 நொடி, அக்ராஸ் 2-க்கு 5 நிமிடம் 40 நொடி, டிரை-எக்ஸுக்கு ஏறத்தாழ 10 நிமிடம், எஃப்பி4-க்கு (அதன் வேகம் 125, அதனால் மீட்டரில் 3 நிமிடம் 12 நொடி) 12½ நிமிடம். ஃபோமாபான் 100 ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். (கோடாக், ஃபோமா இரண்டும் நீண்ட நேரங்களில் 1, 10, 100 நொடிகளுக்குத்தான் எண் தருகின்றன. நடுவில் இருப்பவற்றை லாகரித முறையில் இடைச்செருகினேன். ஃபோமாவின் எண் அட்டவணைக்கு வெளியே நீட்டிப் பார்த்தது.)

இதில் கவனிக்க வேண்டியது டிரை-எக்ஸ். பெட்டியில் 400 என்று இருந்தாலும் 100 வேக அக்ராஸைவிடக் கிட்டத்தட்ட இருமடங்கு நேரம் கேட்கிறது. ஆகவே "இருட்டுக்கு 400" என்பது டி-மேக்ஸ் 400-க்கும் ஹெச்பி5-க்கும் பொருந்தும், டிரை-எக்ஸுக்குப் பொருந்தாது. பகல் வெளிச்சத்தில் கையில் பிடித்து எடுக்க அது அருமையான ஃபிலிம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. டிரைபாடில் ஏற்றி நிமிடக்கணக்கில் திறந்து வைக்க அது உகந்ததல்ல.

உங்கள் பட்டியலில் டி-மேக்ஸ் 400 இல்லை, சேர்த்துக்கொள்ளுங்கள். முழு இரவுதான் முக்கியம் என்றால் என் முதல் தேர்வு அதுதான். ஃபிக்ஸரில் (டெவலப் ஆன படத்தை நிலைநிறுத்தும் கரைசல்) மட்டும் கஞ்சத்தனம் கூடாது: டி-மேக்ஸ் ரகங்களுக்கு மற்ற ஃபிலிம்களைவிட அதிக ஃபிக்சிங் நேரம் வேண்டும், ஃபிக்ஸரும் சீக்கிரம் தீரும். கழுவிய பிறகு நெகட்டிவில் இளஞ்சிவப்புச் சாயம் அழுத்தமாகத் தங்கினால் ஃபிக்சிங் போதவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

டெல்டா 3200, பி3200 இரண்டையும் இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம். மீட்டர் காட்டும் நேரம் குறைவாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் டிரைபாட் இருக்கும்போது அந்தப் பெரிய கிரெய்னை வாங்கிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. வழுக்கிப் போகும் நீர்ப்பரப்பிலும் வெற்று வானத்திலும் கிரெய்ன்தான் முதலில் கண்ணில் படும்.

மூன்றுகால் எழுதியது:

பகலுக்கு வருகிறேன். இங்கே கணக்கு தலைகீழாகிறது, ஏனென்றால் நமக்கு வேண்டியதே நேரம்தான். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 16 என்றால் 1/100 நொடி. 10 ஸ்டாப் ஃபில்டர் போட்டால் 10 நொடி மட்டுமே. 10 நொடியில் அலை பஞ்சுபோல் ஆகிவிடும், மேகம் நகர்ந்த தடம் தெரியாது. மேகம் கீற்றுக் கீற்றாக இழுபட ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டும், காற்று மந்தமாக இருந்தால் மூன்று நான்கு நிமிடம்கூட.

அந்த 10 நொடி அக்ராஸில் 10 நொடியாகவே நிற்கும். ஃபோமாபான் 100-இல் எட்டு மடங்காகி 80 நொடி ஆகிவிடும். இரவில் அதன் பெரிய குறையாகத் தெரிந்தது பகலில் 3 ஸ்டாப் கூடுதல் என்.டி. ஃபில்டர்போல் வேலை செய்கிறது. ஆனாலும் இதைச் சொல்லி ஃபோமாவைப் பரிந்துரைக்க மாட்டேன். திருத்தம் பெரிதாக இருந்தால் அதில் வரும் பிழையும் பெரிதாகும். விளக்குகளைச் சுற்றி ஒளி கசிந்து படர்வதும் அதில் அதிகம், அதனால் உங்கள் மூன்றாவது வகைக்கு ஒத்துவராது. பகலுக்கு மட்டும் வாங்குவதானால் வேறு விஷயம்.

நேரம் போதாவிட்டால் இன்னொரு என்.டி. வாங்குவதற்கு முன் சிவப்பு ஃபில்டரை முயன்று பாருங்கள். பெரும்பாலான பான்குரோமடிக் (எல்லா நிற ஒளியையும் பதியும்) ஃபிலிமில் 25-ஆம் எண் சிவப்பு 3 ஸ்டாப் விழுங்கும்; நீல வானத்தையும் இருட்டாக்கி மேகத்தைத் தூக்கிக் காட்டும். 10-உடன் 3 சேர்ந்து 13 ஸ்டாப். மேலே சொன்ன வெயிலில் அது 80 நொடி. எஃப்பி4-ஐ 100 என்று மீட்டரில் வைத்தால் திருத்தத்துக்குப் பின் 250 நொடி. அக்ராஸ் சிவப்பொளியைச் சற்றுக் குறைவாகவே வாங்கும் ஃபிலிம், அதனால் சிவப்பு ஃபில்டருக்கு 3 ஸ்டாப்புக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள். இல்ஃபோர்டு ஆர்த்தோ பிளஸ் போன்ற, சிவப்பொளியைப் பதியாத ஆர்த்தோ ஃபிலிமில் சிவப்பு ஃபில்டரே போடக்கூடாது, ஒன்றும் பதியாது.

வரிசை: முதலில் ஃபில்டர் இல்லாமல் மீட்டர். பிறகு ஃபில்டர் காரணி. நெருங்கி எடுத்தால் பெல்லோஸ் காரணி (லென்ஸ் முன்னே நீள்வதால் குறையும் ஒளிக்கான ஈடு). எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் ரெசிப்ராசிட்டி. எஃப் 11-இல் 1/15 நொடி என்றால் 10 ஸ்டாப்புக்குப் பிறகு 68 நொடி, கணக்குக்கு 64 என்று வைத்துக்கொள்ளலாம். எஃப்பி4-இல் 64 நொடி 189 நொடியாகும், அதாவது 3 நிமிடம் 9 நொடி. முன்பே திருத்தம் போடப் பார்த்தால் 1/15-க்குத் திருத்தமே கிடையாது, 64 நொடியோடு நின்றுவிடுவீர்கள். நெகட்டிவ் ஏறத்தாழ ஒன்றேகால் ஸ்டாப் மெலிந்து வரும், நிழல்கள் வெறும் கண்ணாடியாக இருக்கும். அதைப் புஷ் செய்து மீட்க முடியாது. டெவலப்பரில் அதிக நேரம் வைத்தால் வெளிச்சப் பகுதிதான் ஏறும். பதியாத நிழல் பதியாததுதான்.

அடுத்தது ஃபில்டரின் உண்மையான அடர்த்தி. 10 ஸ்டாப் என்று விற்கப்படுபவை சில 10⅓, சில 10⅔ கூட இருக்கும். டிஜிட்டலில் ஹிஸ்டோகிராமைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம், ஃபிலிமில் அது முடியாது. எஃப்பி4-இல் மேற்படி உதாரணத்தையே எடுங்கள்: ஃபில்டர் ⅔ ஸ்டாப் கூடுதலாக இருந்தால் 189 நொடி 338 நொடியாகிறது. ஆகவே ஃபிலிம் போடுவதற்கு முன் ஒரு முறை அளந்துவிடுங்கள். ஒளி மாறாத இடத்தில், மேகமூட்டமான வானத்தின் கீழே ஒரு வெற்றுச் சுவர் போதும், டிஜிட்டல் கேமராவை டிரைபாடில் வைத்து, எல்லாவற்றையும் மேனுவலில் வையுங்கள். ஃபில்டர் இல்லாமல் 1/60-இல் ஒரு படம். ஃபில்டருடன் 15, 20, 25 நொடிகளில் மூன்று படம். முதல் படத்தின் ஹிஸ்டோகிராமோடு 15 நொடிப் படம் ஒத்துப்போனால் சரியான 10 ஸ்டாப். 20 என்றால் 10⅓. 25 என்றால் 10⅔. ஃபில்டரின் சட்டத்தில் அந்த எண்ணை எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஃபில்டரின் நிறச்சாயலைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பழுப்புச் சாயல் உள்ள என்.டி. லேசான மஞ்சள் ஃபில்டர்போல் நடந்துகொள்ளும், அவ்வளவுதான். அகச்சிவப்புக் கசிவும் சாதாரண பான்குரோமடிக் ஃபிலிமுக்குத் தெரியாது. எஸ்எஃப்எக்ஸ் 200, ரோலை இன்ஃப்ராரெட் போல ஆழ்சிவப்பு வரை பார்க்கும் ஃபிலிம்களில் மட்டும் அந்தக் கசிவு எக்ஸ்போஷரைக் குலைக்கும்.

நெடுநொடி எழுதியது:

மிக்க நன்றி. டிரை-எக்ஸ், ஃபோமா இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன், டி-மேக்ஸ் 400 சேர்த்தாயிற்று. இரண்டு சந்தேகம் பாக்கி. கோடாக் தாளில் டிரை-எக்ஸுக்கு 100 நொடியில் "3 ஸ்டாப் அபெர்ச்சர் திற, அல்லது 1200 நொடி கொடு" என்று இருக்கிறது. 3 ஸ்டாப் என்றால் எட்டு மடங்கு, 800 நொடிதானே வர வேண்டும்? இரண்டாவது, பாதுகாப்புக்காக ஒரு ஸ்டாப் கூட்டிக் குறைத்து எடுப்பதானால் திருத்திய நேரத்தை இரட்டிப்பாக்கினால் போதுமா?

வெள்ளியுப்பு எழுதியது:

இரண்டுக்கும் விடை ஒன்றே. அபெர்ச்சரைத் திறந்தால் ஒளியின் வலுவே கூடுகிறது, இழப்புக் குறைகிறது. நேரத்தை நீட்டினால் ஒளி அதே மங்கலில்தான் இருக்கிறது, கூட்டிக் கொடுத்த நேரத்திலும் ஒரு பகுதி வீணாகிறது. அதனால்தான் 800-க்குப் பதில் 1200.

இதே காரணத்தால் திருத்திய நேரத்தை இரட்டிப்பாக்கினால் ஒரு முழு ஸ்டாப் கிடைக்காது. 2-ஐ ஃபிலிமின் அடுக்குக்கு உயர்த்துங்கள்: எஃப்பி4, டெல்டா 100-க்கு ஒரு ஸ்டாப் என்பது 2.4 மடங்கு, ஹெச்பி5-க்கு 2.5, டெல்டா 400-க்கு 2.7. ஒரு எண்ணை மனப்பாடம் செய்வதானால் இதைச் செய்யுங்கள், களத்தில் கால்குலேட்டரே வேண்டியிருக்காது. எஃப்பி4-இல் எஃப் 11-க்கு 189 நொடி என்றால் எஃப் 8-க்கு 79 நொடி, எஃப் 16-க்கு 450 நொடிச் சுமார். எஃப் 11-இலிருந்து எஃப் 16-க்குப் போக மூன்று நிமிடம் ஏழரை நிமிடமாகிறது. ஆழமான ஃபோகஸ் உண்மையிலேயே தேவையா என்று அந்த இடத்தில் ஒரு முறை யோசியுங்கள்.

பிராக்கெட் (ஒரே காட்சியை வெவ்வேறு எக்ஸ்போஷரில்) எடுக்கும்போது கணக்கிட்ட நேரம் ஒன்று, 2.4 மடங்கில் ஒன்று, அவ்வளவு போதும். குறைத்து எடுப்பதில் அர்த்தமில்லை. நெகட்டிவ் ஒரு ஸ்டாப் அடர்ந்தால் பிரிண்டும் ஸ்கேனும் தாங்கும், மெலிந்தால் தாங்காது. மூன்றிலொரு ஸ்டாப், அரை ஸ்டாப் வித்தியாசத்தில் எடுப்பதும் வீண், இந்தக் கணக்கின் துல்லியம் அவ்வளவு நுணுக்கமானது அல்ல.

மங்கல் வேளையைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை, அங்கேதான் தேர்வு உண்மையில் தீர்மானமாகிறது. சூரியன் மறைந்தபின் சில நிமிடங்களிலேயே ஒரு ஸ்டாப் ஒளி போய்விடும். நீங்கள் மீட்டர் பார்த்து எஃப்பி4-க்கு 7 நிமிடம் என்று கணக்கிட்டுத் திறந்தால், மூடும்போது வெளியே இருப்பது வேறு ஒளி. கடைசி மூன்று நான்கு நிமிடம் பெயருக்குத்தான் பதிகிறது. நடுவில் மீட்டர் பார்த்து நேரத்தை நீட்டினால் ஒளி அதைவிட வேகமாக ஓடும். அக்ராஸில் அதே காட்சிக்கு மீட்டர் காட்டும் இரண்டரை நிமிடமும் அரை ஸ்டாப்பும், அதாவது மூன்றரை நிமிடம். துரத்திப் பிடிக்க வாய்ப்பிருக்கிறது. விடியற்காலையில் இந்தத் தொல்லை தலைகீழ்: ஒளி ஏறிக்கொண்டே வருவதால் கணக்கிட்டதைவிட முன்னதாக மூட வேண்டும், பிழையும் பாதுகாப்பான பக்கமே சாயும். எஃப்பி4-தான் வேண்டும் என்றால் மங்கலை விடியலில் எடுங்கள்.

மூன்று வகைக்கும் ஒரே ஃபிலிம் என்றால் அக்ராஸ் 2 என்பது என் முடிவு. 120-இல் கிடைக்கிறது, ஷீட் ஃபிலிமாகக் கிடைப்பதில்லை. பெரிய ஃபார்மட்டுக்கு மாறும் எண்ணம் இருந்தால் டி-மேக்ஸ் 100-இலோ டெல்டா 100-இலோ பழகுவது நல்லது.

சாம்பல்படி எழுதியது:

டெவலப்பிங் கேள்வி விடுபட்டுவிட்டது. நிழலில் ஒளி வலுவில்லாததால் இழப்பு அதிகம், விளக்கும் அதன் அருகிலுள்ள சுவரும் வலுவான ஒளி என்பதால் இழப்பு மிகக் குறைவு. நிழலுக்காக நீட்டிய நேரம் முழுவதும் விளக்குப் பகுதி பதிந்துகொண்டே இருக்கிறது. விளைவு, கான்ட்ராஸ்ட் ஏறும். கோடாக் டிரை-எக்ஸுக்கு மீட்டர் 1 நொடியில் 10, 10 நொடியில் 20, 100 நொடியில் 30 சதவீதம் டெவலப்பிங்கைக் குறைக்கச் சொல்வது இதனால்தான். டி-மேக்ஸ் ஃபிலிம்களுக்கு அப்படிக் குறைக்கச் சொல்வதில்லை.

ஆனால் இதை எல்லாப் படத்துக்கும் விதியாக வைத்துக் குறைத்துக்கொண்டே போவது தவறு என்பது என் உறுதியான கருத்து. மேகமூட்டத்தில் கடல் எடுத்தால் காட்சியே தட்டை. நீண்ட எக்ஸ்போஷர் நீரின் பளபளப்பையும் சுழிப்பையும் சராசரியாக்கி இன்னும் தட்டையாக்கிவிடுகிறது. அங்கே ஏறும் கான்ட்ராஸ்ட் நமக்கு வேண்டியதுதான், அதைக் குறைத்தால் சாம்பல் குழம்புதான் மிஞ்சும். குறைக்க வேண்டியது விளக்குகள் ஃபிரேமுக்குள் இருக்கும் இரவுப் படங்களுக்கு மட்டும்.

ஐடி-11, 1+1, 20 டிகிரி செல்சியஸில் எஃப்பி4-க்கு 11 நிமிடம், ஹெச்பி5-க்கு 13 நிமிடம் வழக்கமான நேரம். இரவு ரோலுக்கு 15 சதவீதம் குறைத்தால் முறையே 9 நிமிடம் 20 நொடி, 11 நிமிடம். குலுக்குவதையும் குறைக்கலாம்: முதல் அரை நிமிடம் தொடர்ந்து, அதன்பின் நிமிடத்துக்கு ஒரு முறை என்பதை இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை என்று ஆக்கினால் விளக்குப் பகுதியில் டெவலப்பர் தீர்ந்து அடங்கும், நிழலில் வேலை தொடரும். அதற்குமேல் இடைவெளி விட்டு அசையாமல் வைக்காதீர்கள். வெற்று வானத்தில் பட்டை பட்டையாக வரும், லாங் எக்ஸ்போஷர் படத்தில் அதை மறைக்க எதுவும் இருக்காது. முக்கியமாக, பகல் கடலையும் இரவு விளக்கையும் ஒரே ரோலில் கலக்காதீர்கள். 120-இல் பன்னிரண்டு ஃபிரேம்தான், பிரித்து வைப்பது கஷ்டமில்லை.

பான் எஃப் பிளஸ் யாராவது பரிந்துரைத்தால் ஒரு எச்சரிக்கை. எடுத்த படம் டெவலப் செய்யப்படாமல் நாள்கணக்கில் இருந்தால் மங்கும், மூன்று மாதத்துக்குள் டெவலப் செய்ய வேண்டும் என்பது தயாரிப்பாளரின் அறிவுரை. ரோல் மெல்ல மெல்லத் தீரும் நம் வகை வேலைக்கு அது இடைஞ்சல்.

மூன்றுகால் எழுதியது:

ஃபிலிம் சரியாக இருந்தும் படம் கெடுவது பெரும்பாலும் இயந்திரத்தில்தான் என்பதால் சில குறிப்புகள்.

120 ஃபிலிம் கேட்டில் இழுத்து நிறுத்தியபின் நேரம் போகப் போக நடுவில் லேசாக எழும்பும். எக்ஸ்போஷரின் நடுவே எழும்பினால் படத்தின் மையம் மட்டும் மங்கலாகி, ஃபோகஸ் தவறியதுபோல் இருக்கும். அதனால் முன்கூட்டியே சுற்றி வைக்காதீர்கள். எடுப்பதற்குச் சற்று முன் சுற்றுங்கள், கேமரா வெயிலில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபிள் ரிலீஸில் பூட்டுத் திருகு இருக்க வேண்டும், அது வழுக்குகிறதா என்று ஃபிலிம் இல்லாமல் பத்து நிமிடம் திறந்து வைத்துச் சோதியுங்கள். மின்னணு ஷட்டர் உள்ள கேமராக்கள் பி நிலையில் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை திறந்திருப்பது) திறந்திருக்கும் நேரம் முழுவதும் பேட்டரியைத் தின்னும், மாற்று பேட்டரி பையில் இருக்கட்டும். டி நிலை (ஒருமுறை அழுத்தினால் மூடும்வரை திறந்தே நிற்பது) உள்ள மெக்கானிக்கல் லென்ஸ் என்றால் இந்தக் கவலை இல்லை. ஆனால் சிலவற்றில் டி-யை மூட லென்ஸ் வளையத்தையே திருப்ப வேண்டியிருக்கும், அப்போது கேமரா அசையும். முதலில் கறுப்பு அட்டையை லென்ஸின் முன் பிடித்து, பிறகு மூடுங்கள். அதே அட்டை இரவில் வண்டியின் முகப்பு விளக்கு நேராக வரும்போதும் உதவும்: வண்டி கடக்கும்வரை மறைத்துவிட்டு, மறைத்த நொடிகளைக் கடைசியில் கூட்டிக்கொள்ள வேண்டும். நாலைந்து முறை நிறுத்தினால் அடர்த்தியில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் வராது.

பகலில் 5 நிமிடத்துக்கு மேல் போனால் கேமராவின் மேல் கறுப்புத் துணி போர்த்துங்கள். சாதாரண ஷட்டர் வேகத்தில் தெரியவே தெரியாத ஒளிக்கசிவு, டார்க் ஸ்லைடு (ஃபிலிம் பேக்கை மூடும் தகடு) நுழையும் பிளவு வழியாகவோ பெல்லோஸ் மடிப்பு வழியாகவோ, நிமிடக்கணக்கில் சேர்ந்து ஒரு பட்டையாக விழும். எப்போதும் ஒரே ஓரத்தில் விழுந்தால் பேக்கின் ஒளித்தடுப்புப் பஞ்சை மாற்ற வேண்டும். சதுர ஃபில்டரை ஹோல்டரில் செருகுபவர்கள் பின்பக்க இடைவெளியையும் பாருங்கள். பின்னாலிருந்து வரும் வெயில் ஃபில்டரின் உள்பக்கத்தில் பட்டு லென்ஸுக்குள் திரும்பும், படத்தின் நடுவில் வெளுத்த திட்டாக வரும். 10 ஸ்டாப்பை லென்ஸுக்கு மிக அருகிலுள்ள முதல் தடத்திலேயே செருகி, சுற்றுக்கட்டுப் பஞ்சு லென்ஸ் பக்கம் அமுங்கி உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

ஃபோகஸும் கட்டமைப்பும் ஃபில்டர் போடுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். போட்ட பிறகு வியூஃபைண்டரில் ஒன்றும் தெரியாது. திருகு ஃபில்டரை இறுக்கும்போது ஃபோகஸ் வளையமும் சேர்ந்து திரும்பக்கூடும், அதனால் இறுக்கியபின் தூர அளவுகோலை ஒருமுறை சரிபார்த்துவிட்டுத் திறங்கள்.